ஊர் ரெண்டுபட்டால்தான் என்ன?

அமெரிக்காவில் பிரைமரி காலம் வந்தாலே பஞ்சாங்கம் மாதிரி ஒரே பலனைத்தான் வாசிக்கிறார்கள்: வேட்பாளர் யார் என்று கட்சிக்குள்ளேயே அடித்துக்கொள்கிறவர்கள் நவம்பரில் மண்ணைக் கவ்வுவார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். இவர்கள் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஜனவரியில் தொடங்கிய சண்டை ஜூன் வரை ஓயவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் போன் அடித்தால் எடுக்கத் தகுதியான ஆள் யார் என்று ஹிலாரி விளம்பரமே போட்டார். எதிர்க்கட்சிக்காரன்கூட அப்படிக் குத்தியிருக்க மாட்டான். ஆகஸ்டில் டென்வர் மாநாடு. மாநிலவாரியாக வாக்கு வாசித்து வரும்போது நியூயார்க்கின் முறை வந்தது. அந்த மாநிலப் பிரதிநிதிகள் நடுவே நின்று ஹிலாரியே முன்மொழிந்தார்: எண்ணியது போதும், ஒபாமாவை ஒருமனதாக அறிவித்துவிடுங்கள். நவம்பரில் ஒபாமாவுக்கு 365 எலெக்டோரல் வாக்குகள். 1964க்குப் பிறகு டெமாக்ரட்டுகளை எட்டிக்கூடப் பார்க்காத இந்தியானாவும் அவர் பக்கம் சாய்ந்தது. சண்டை மே வரை இழுத்ததால்தான் இருவரும் அந்த மாநிலத்துக்கு ஓடி ஆள் சேர்க்க வேண்டிவந்தது. பிப்ரவரியிலேயே கைகுலுக்கியிருந்தால் அந்தப் பக்கம் யார் போயிருப்பார்?

குடியரசுக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. 1980இல் ரீகனின் திட்டத்தைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று நக்கலடித்த புஷ்தான் அவருக்கே துணை அதிபர் வேட்பாளர் ஆனார். ரீகன் 44 மாநிலங்களை அள்ளினார். 2016 கிளீவ்லாந்து மாநாட்டில் டெட் குரூஸ் டிரம்ப்பை ஆதரிக்க மறுத்து மேடையிலேயே கூச்சல் வாங்கினார். ஜெயித்தது டிரம்ப்.

சொந்தக் கட்சிக்குள்ளேயே எட்வர்ட் கென்னடி எதிர்த்து நின்றதால்தானே 1980இல் அதிபர் கார்ட்டர் கவிழ்ந்தார் என்பார்கள். ஈரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள், பணவீக்கம் இரட்டை இலக்கத்தில். காய்ச்சல் வந்தவனுக்கு உடம்பு சுடும். உடம்பு சுட்டதால் காய்ச்சல் வந்தது என்று எந்த வைத்தியனாவது சொல்வானா?

சண்டையே இல்லாத வீட்டின் லட்சணத்தை 2024இல் பார்த்தோமே. பைடனுக்கு எதிராகப் பெரிய தலை எதுவும் நிற்கவில்லை. ஃபுளோரிடாவில் டெமாக்ரட்டுகள் அதிபர் பிரைமரியே நடத்தவில்லை. இவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று ஜனவரியில் கட்சிக்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஜூன் 27 விவாத மேடையில் உலகமே கேட்டது. ஜூலை 21இல் அவர் விலகினார். கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரியும் சந்திக்காமல் வேட்பாளர் ஆனார். கட்சி அவர் பின்னால் ஒற்றுமையாகத்தான் நின்றது.

கிடைத்தது 226 எலெக்டோரல் வாக்குகளும் தோல்வியும்.