அருகியதா, அருக்கியதா?

"கல்வராயன் மலையில் சந்தன மரங்கள் அருகிவிட்டன" என்று அன்பர் ஒருவர் கட்டுரை எழுதி, என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நல்ல கட்டுரைதான். ஆனால் அந்த 'அருகிவிட்டன' என்ற சொல்லைத் தாண்டி என் கண் நகர மறுத்தது.

அருகுதல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அபூர்வமாகிப் போவது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் சரிவுகளில் மரவள்ளியைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அந்தக் கொல்லைகளில் சாமையும் தினையும் விளைந்தன. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் கொடுத்தன. ஒருவர் இந்த வருஷம் ஒரு மூலையில் கிழங்கு வைத்தார். அடுத்த வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரர் வைத்தார். சாமை அருகியது. இங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. யாரைக் கூண்டில் ஏற்றுவது?

சந்தனத்தின் கதை அப்படியா? இரவில் கோடரி விழுந்தது. ஒருவன் வெட்டினான், ஒருவன் சுமந்தான், ஒருவன் விலை கொடுத்து வாங்கினான், பார்க்க வேண்டிய ஒருவன் கண்ணை மூடிக்கொண்டான். சந்தனம் நோயிலும் சாகும் என்பீர்கள். சாகும். அந்த மரங்களுக்கு வேண்டுமானால் 'அருகுதலை'க் கொடுத்துவிடுகிறேன். வெட்டுண்ட மரத்துக்குமா?

தமிழ் இதற்கு வழி வைக்காமல் இல்லை. பெருகு, பெருக்கு என்பதுபோல அருகு, அருக்கு. அருக்குதல் என்றால் குறையச் செய்தல். அந்தச் சொல்லுக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். அதனால்தானோ என்னவோ, பேச்சில் அந்தச் சொல்லே அருகிவிட்டது!

இன்னொரு வேடிக்கை. அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அன்பரின் அதே கட்டுரையில், 'ஜாகீர் முறையை அரசு ஒழித்தது' என்று இருக்கிறது. 'ஜாகீர் முறை அருகியது' என்று அவர் எழுதவில்லை. நல்ல காரியம் என்றால் எழுவாய் மாலை போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. மரம் போனால் எழுவாயைக் காணோம்.

அன்பரிடம் சொன்னேன். "சொல்லில் என்ன சார் இருக்கிறது? மாற்றினால் வீண் வம்பு" என்றார்.

சொல்லில் ஒன்றுமில்லை என்றால் வம்பு எங்கிருந்து வரும்? பெயர் தெரியாவிட்டால் போகட்டும், 'வெட்டினார்கள்' என்றாவது எழுதலாமே என்றேன். அந்த 'ஆர்கள்' இருந்தால், யார் என்று படிக்கிறவர் கேட்பார். கல்வராயன் மலைக்காரர்கள் எத்தனையோ முறை கேட்ட கேள்வி அது.

தலையாட்டிவிட்டுப் போனார். கட்டுரை அச்சாகி வந்தது. அவசர அவசரமாகப் புரட்டினேன். 'அருகிவிட்டன' அப்படியே இருந்தது.