கூழ்க்கடைச் சொம்பும் வீட்டு டம்ளரும்

"ரோட்டுல நின்னு கூழ் குடிக்கிறதா? சுத்தமா இருக்காதுப்பா." கூழ் வண்டியைக் கடக்கும்போது நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் தவறாமல் எழும் குரல் இது. அதே குடும்பம் மாலையில் தெருமுனையில் நின்று பானிபூரி சாப்பிடும். விற்பவரின் கை ரசப் பானைக்குள் முங்கி முங்கி எழுவது யாருக்கும் உறுத்தாது. அப்படியானால் இவர்கள் அஞ்சுவது கிருமிக்கா, கூழ் யாருடைய சாப்பாடு என்பதற்கா?

நிலம் வைத்திருந்தவன் வீட்டில் அரிசிச் சோறு அன்றாட உணவு. அந்த நிலத்தில் குனிந்து நாற்று நட்டவர்களுக்கு அது பண்டிகைச் சோறு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகும் கம்பும்தான். அதனால்தான் 'கஞ்சிக்கு வழியில்லாதவன்' என்பது இன்றும் வசவாக இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றினால் அதே கூழ் பிரசாதம். ஏசி உணவகத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தால் 'மில்லட்'. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், ஒன்றிய அரசு தன் பட்ஜெட் உரையிலேயே அதற்கு 'ஸ்ரீ அன்னா' என்று சமஸ்கிருதப் பெயர் சூட்டியது. உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று உயிர் பிழைத்த தானியத்துக்கு மரியாதை வர, பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது பாருங்கள்!

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலுக்குக் குடும்பத்தோடு போவது கூழ்க்கடைக்குத்தான். முந்தைய நாளே புளிக்க வைத்த மாவில் நொய்யரிசி சேர்த்துக் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்க் கீற்று, கேட்டால் கருவாடு. பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், ஏடிஎம் காவலாளி. ஒருவர் குடித்து வைத்த சொம்பை அக்கா கழுவி அடுத்தவருக்கு ஊற்றித் தருகிறார். யாரும் யாரிடமும் "நீங்க எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை.

இந்தச் சொம்பு சும்மா கிடைத்ததல்ல தோழர்களே. காங்கிரஸ் நிதியுதவி பெற்ற வ.வே.சு. அய்யரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி நடந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து 1924-25இல் தமிழ்நாட்டையே கேள்வி கேட்க வைத்தார்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லை அழிக்க, மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள் கருஞ்சட்டைத் தோழர்கள். கடையிலும் உணவகத்திலும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. அங்குள்ள பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பவருக்குச் சிறைத்தண்டனை என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டம். இத்தனைக்குப் பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முற்றாக ஒழிந்துவிடவில்லை. பல இடங்களில் அது பிளாஸ்டிக் கப்பாக வேடம் மாற்றிக்கொண்டது.

ஆனால் இன்று நான் பேச வருவது டீக்கடையைப் பற்றியல்ல, நம் வீட்டு அடுக்களையைப் பற்றி. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குக் காபி கொடுக்க, சன்னல் மேடையில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன பெயர்? அவர் கழுவி அடுக்கிய தட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். அவர் கை பட்ட பாத்திரம் சுத்தம். அவர் வாய் பட்ட டம்ளர் மட்டும் அசுத்தமா? கேட்டால் "அதெல்லாம் சாதியில்ல, சுகாதாரம்" என்று பதில் வரும். தீட்டு என்று சொல்ல வெட்கப்படுபவர்கள் கண்டுபிடித்த புதுச்சொல் சுகாதாரம். பள்ளிப் பாடத்தில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று படிக்கிற குழந்தை, வீட்டில் அந்த டம்ளரைப் பார்த்துத்தான் சாதியைக் கற்றுக்கொள்கிறது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் தெளிவாகச் சொன்னார் அம்பேத்கர். சாதி மறுப்புத் திருமணமும், சாதியைப் புனிதமாக்கும் சாத்திரங்களைத் தகர்ப்பதும்தான் அவர் காட்டிய வழி. ஆகவே கூழ்ச் சொம்போடு ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டால் புரட்சி முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருவில் ஒரே சொம்பில் குடித்துவிட்டு, திருமணத்துக்குச் சொந்தச் சாதி வாட்ஸ்அப் குழுவில் வரன் தேடுகிறவருக்கு அந்தக் கூழ் வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

சட்டம் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அதை அடுக்களைக்குள் கொண்டுபோக வேண்டியது அந்த வீட்டின் பிள்ளைகளாகிய நீங்கள்தான். அம்மாவிடமும் அப்பாவிடமும் சண்டை வரும், வரட்டும். இந்த வாரம் குடும்பத்தைக் கூழ்க்கடைக்கு அழைத்துப் போங்கள். வீடு திரும்பியதும் அந்தத் தனி டம்ளரை எடுத்து, எல்லா டம்ளர்களோடும் சேர்த்து அடுக்குங்கள்.