நலவாழ்வுப் பக்கம்: முகத்துக்குப் பூசுகிற அந்தச் சின்னக் குப்பி



படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். 2007 ஆம் ஆண்டு செல் விழுந்து வீடு எரிந்தபோது அவருக்குக் கழுத்திலும் இடது கன்னத்திலும் எரிகாயம். காயம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. மகளுக்கு வருகிற ஆவணியில் சாமத்தியச் சடங்கு. வெளிநாட்டிலிருக்கும் தங்கை, "இதைப் பூசினால் தோல் குழந்தைப்பிள்ளையின் தோல் மாதிரி வரும்" என்று சொல்லி ஒரு சின்னக் குப்பி அனுப்பியிருக்கிறார். "பூசத் தொடங்கி இரண்டு கிழமை. முகம் முன்னையை விட இழுக்கிறது. நான் பூசுவது பிழையா, மருந்து பிழையா? சடங்குக்கு முதல் தழும்பு மறையுமா?" என்று கேட்கிறார்.

குப்பியில் இருப்பது ஹையலூரோனிக் அசிட். அசிட் என்றதும் பயப்பட வேண்டாம், இது தோலை எரிக்கிற திராவகம் அல்ல. நமது தோலிலும் மூட்டுகளிலும் கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே இருக்கிற வழுவழுப்பான பொருள். 1934 இல் அமெரிக்காவில் கார்ல் மேயர், ஜோன் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு சேவலின் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பக்டீரியாக்களை வளர்த்தே எடுக்கிறார்கள். முழங்கால் தேய்வுக்குப் போடும் ஊசி சிலவற்றிலும், கண் வறட்சிக்கு விடும் துளிமருந்து சிலவற்றிலும் இருப்பது இதே பொருள்தான்.

இதன் வேலை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. தண்ணீரை உண்டாக்குவது அல்ல. இங்கேதான் அந்தச் சகோதரிக்குப் பிழைத்திருக்கிறது. முகத்தைத் துடைத்துக் காய வைத்துவிட்டுப் பூசியிருக்கிறார், மேலே வேறொன்றும் பூசவில்லை. கச்சான் காற்று வீசுகிற நாட்களில் வெளியிலும் ஈரம் இல்லை. தோலின் மேலிருந்த கொஞ்ச ஈரமும் காற்றோடு போக, தோல் இழுக்கத்தானே செய்யும்? முகத்தைக் கழுவி, தண்ணீர் சொட்டாமல் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று துளி பூச வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அதன்மேல் சாதாரண கிறீம் அல்லது மெல்லியதாக வாசலின் பூச வேண்டும். குடத்தில் தண்ணீர் வார்த்தால் மூடியும் போடுகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புத் தண்ணீர் உள்ள இடங்களில் சவர்க்காரம் சரியாகக் கழுவுப்படாமல் தோலில் படிந்து வறட்சியைக் கூட்டும். வறண்ட தோலுக்கும் தழும்புக்கும் சவர்க்காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குப்பி அனுப்ப ஆளில்லாத சகோதரிகள் கவலைப்படத் தேவையில்லை. மருந்துக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளிசரினும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருள்தான். என்னைக் கேட்டால், ஒரு நாள் கூலியைக் கொடுத்துச் சீரம் வாங்குவதை விட இதுவே போதும் என்பேன். கொதித்தாறிய தண்ணீர் நான்கு பங்குக்குக் கிளிசரின் ஒரு பங்கு கலந்து, ஈரத் தோலில் பூசி, மேலே வாசலின் பூசுங்கள். தனிக் கிளிசரினை அப்படியே முகத்தில் பூச வேண்டாம். கலந்தது கெட்டுப்போகும் என்பதால் இரண்டு நாளைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். எதையும் முதலில் முழங்கைக்கு உட்பக்கம் பூசி ஒரு நாள் பார்ப்பது நல்லது.

இனித் தழும்பு. உண்மையைச் சொல்வதுதான் முறை: இந்தக் குப்பியால் பழைய எரிகாயத் தழும்பு மறையாது. மேலே பூசும்போது இதன் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும், தழும்பு இருப்பது அதற்குக் கீழே. ஆனால் ஆழமாக எரிந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அழிந்துபோவதால் அந்தத் தோல் தானாக ஈரமாகாது. கடியும் இழுவையும் அதனால் கூடுகின்றன. ஆகவே ஈரம் காப்பது அழகுக்கு மட்டுமான வேலையல்ல. வாசனை சேர்க்காத கிறீமை நாளைக்கு இரண்டு மூன்று தரம் பூசி, விரல் நுனியால் சற்று அழுத்தி வட்டமாகத் தேய்த்து வாருங்கள். தழும்பு இளகும், கடி குறையும். வெயிலில் போகும்போது சேலைத் தலைப்பாலோ குடையாலோ மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலும் கறுக்கும்.

தழும்புக்குள் கட்டியாக ஏதும் குத்தினால் தேய்க்க வேண்டாம், செல் துண்டாக இருக்கலாம். வைத்தியசாலையில் காட்டுங்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் இழுத்துப் பிடித்திருந்தால், எத்தனை வருடம் சென்றிருந்தாலும் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. பழைய எரிகாயத் தழும்பில் புதிதாகப் புண் வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் தாமதிக்கவே கூடாது. அரிதாக அது புற்றுநோயாக மாறுவதுண்டு.

சடங்குக்கு முதல் முகம் வெளுக்க வேண்டும் என்று யாராவது பெயர் முகவரி இல்லாத கிறீம் டப்பாவைக் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். அவற்றில் பாதரசம் கலந்திருந்து சிறுநீரகத்தைப் பாதித்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. ஸ்ரெரொயிட் கலந்தவை முதலில் பளபளப்பாக்கி, பிறகு தோலை மெலிந்துபோகச் செய்யும்.

கடிதத்தின் கடைசியில், சடங்கன்று சபைக்கு வராமல் குசினிப் பக்கம் நிற்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. அதற்குப் பூசுகிற மருந்து என்னிடம் இல்லை. ஆனால் அம்மா எங்கே நிற்க வேண்டும் என்று மகளிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள். தங்கை அனுப்பிய குப்பியை வீசவும் வேண்டாம். வெயில் படாமல் மூடி வைத்து, மேலே சொன்னபடி பூசி முடியுங்கள்.

செயற்கைக் கால் போடும் சகோதரிகள் இருவர் கேட்ட கேள்விகளுக்கு அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன். அதுவரைக்கும் ஒன்று: கால் போடுவதற்குச் சற்று முன் கிறீமோ எண்ணெயோ பூசாதீர்கள். இரவில் கழற்றி, கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பூசிவிட்டுப் படுங்கள்.