மருந்துப் பஞ்சுக்குக் கருங்கண்ணி: சுத்தத்துக்கு விலை உண்டா?

வெடியும் தீப்பெட்டியும் சிவகாசி வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் எம். புதுப்பட்டியைச் சுற்றிலும், விருதுநகர் மாவட்டம் முழுவதும், மானாவாரிப் பருத்தி புதிதல்ல. கரிசல் துண்டு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஒரு காலத்தில் கைச்செலவுக்குக் காசு தந்தது கருங்கண்ணிப் பருத்திதான். இன்று அது ஏன் ஒதுங்கிப் போனது, அதை மீண்டும் விதைப்பது இலாபமா என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

இதே மாவட்டத்தில் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் விசைத்தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. புண்ணைச் சுற்றும் பேண்டேஜ் துணிக்கு வேண்டிய முதல் குணம் அழகோ பளபளப்போ அல்ல. ஈரத்தை உடனே உறிஞ்ச வேண்டும். உடம்புக்கு ஒவ்வாத எதுவும் அதில் இருக்கக் கூடாது.

செடியிலிருந்து எடுத்த பருத்தி அப்படியே நீரை உறிஞ்சாது. அதன் இழையைச் சுற்றி மெல்லிய மெழுகு படிந்திருக்கிறது. நெய்யும்போது பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சியும் போடுகிறார்கள். ஆகவே நெய்த துணியில் முதலில் கஞ்சியைப் போக்குவார்கள். பிறகு காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பார்கள். மருந்துப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தர நூல்களில் உள்ள விதி.

கஞ்சி போன சுத்தப் பருத்தித் துணிக்கு வேறு இடங்களிலும் மதிப்பு உண்டு. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளை வெளிநாடுகளில் இன்றும் போட்டிகளில் சுடுகிறார்கள். ஈயக் குண்டைப் பொதிந்து இறக்கும் துண்டுக்கு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியையே தேர்ந்து, கஞ்சி போகத் துவைத்து உலர்த்துகிறார்கள். செயற்கை இழை கலந்தால் சூட்டில் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். புண்ணானாலும் நெருப்பானாலும் கலப்பில்லாத பருத்திக்கு ஈடு இல்லை என்பதே இதன் பாடம்.

துணியை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நூலை உருவி, பாதுகாப்பாகக் கொளுத்திப் பார்த்தால், பருத்தி காகிதம் போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும். துணியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால், கஞ்சி இருக்கும் இடம் நீலமாக மாறும்.

கருங்கண்ணியின் இழை குட்டையானது, சற்றுத் தடிப்பானது. நைசான சட்டைத் துணிக்கு இது குறை. மருந்துப் பஞ்சுக்குக் குறையே அல்ல. 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கே.11 போன்ற கருங்கண்ணி இரகங்களை மானாவாரிக் கரிசலுக்கென்றே உருவாக்கியது. இவை வறட்சியைத் தாங்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளின் தொல்லையும் குறைவு. வீரிய ஒட்டு விதையைப் போல் ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டியதில்லை. நல்ல செடிகளிலிருந்து விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1947-ல் இந்தியப் பருத்திப் பரப்பில் பெரும் பகுதி இத்தகைய நாட்டுப் பருத்தியே. நீள இழைக்கு ஆலைகள் கூடுதல் விலை தந்ததால் அது சுருங்கியது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு மேலும் ஓரங்கட்டப்பட்டது. மகசூலில் கருங்கண்ணி வீரிய ஒட்டுக்கு ஈடாகாது என்பதும் உண்மை. ஆனால் கடன் வாங்கி விதையும் மருந்தும் வாங்கியவர், மழை பொய்த்தால் முதலையும் இழக்கிறார். குறைந்த செலவில் ஓரளவு நிச்சயமான பலன் தரும் பயிர் சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு அல்லவா?

விவசாயி செய்ய வேண்டியது சுத்தம். இன்று பருத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் சாக்கு. உரச் சாக்கிலிருந்து பிரியும் வெள்ளை நூல் பஞ்சோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது; அரவை ஆலையில் துண்டு துண்டாகிவிடும்; பிறகு பிரிக்கவே முடியாது. ஆகவே பறிப்பவர்கள் வெள்ளைப் பருத்தித் துணிப்பையில் பறிப்பதும், முடி விழாமல் தலையில் துணி கட்டிக்கொள்வதும் நல்லது.

காலை 10, 11 மணிக்குள் பறித்து முடித்தால் காய்ந்த இலைச் சருகு ஒட்டாது. நன்கு வெடித்த காயிலிருந்து பருத்தியை மட்டும் எடுக்க வேண்டும். ஏழு நாட்களுக்கு ஒரு முறையாவது பறிக்க வேண்டும். பறித்ததை நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் நிறம் மங்கும். கறைபட்டதையும் பூச்சி அரித்ததையும் கொட்டுப் பருத்தி எனத் தனியே பிரிக்க வேண்டும். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதாகும். பூஞ்சணம் பிடித்த பருத்தி மருந்துப் பஞ்சுக்கு ஆகாது.

இத்தனையும் செய்த பிறகு, சுத்தமான பருத்திக்கும் குப்பைப் பருத்திக்கும் வியாபாரி ஒரே விலை சொன்னால் விவசாயி என்ன செய்வார்? சுத்தத்தை உபதேசிப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை நடுத்தர இழை, நீள இழை என்ற இரு வகைகளை அடிப்படையாக வைத்தே அறிவிக்கப்படுகிறது. அதில் நீளத்துக்கு மதிப்பு உண்டு. உறிஞ்சும் குணத்துக்குத் தனி மதிப்பு இல்லை. போதாக்குறைக்கு, நூற்பாலையில் சீவி ஒதுக்கும் குட்டை இழைக் கழிவும் மருந்துப் பஞ்சுக்குப் போகிறது. கருங்கண்ணி அதோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் தனி ஆளாக இரண்டு சாக்கு கொண்டுபோனால் பேரம் பேச முடியாது. ஒரே ஊரில் பத்து, இருபது பேர் ஒரே இரகத்தை விதைத்து, தரம் பிரித்து, ஒன்றாகச் சேர்த்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுசென்றால் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பார். அரவையிலும் மற்றப் பருத்தியோடு கலக்காமல் தனியாக அரைத்துத் தரச் சொல்லலாம். அதனால் விதையும் கலப்பில்லாமல் கிடைக்கும். கருங்கண்ணி வேண்டும் ஆலைகளும் மருந்துப் பஞ்சு தயாரிப்போரும், விதைப்புக்கு முன்பே, அதாவது புரட்டாசிக்குள், தரத்துக்கு ஏற்ற விலையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த விலை கையில் உறுதியாகும் வரை முழு நிலத்தையும் கருங்கண்ணிக்கு மாற்றுவது விவேகமல்ல. இரண்டு ஏக்கர் உள்ளவர் அரை ஏக்கரில் விதைத்துப் பார்க்கலாம்; மீதியில் சோளமும் பயறும் இருக்கட்டும். சுத்தம் விவசாயியின் பொறுப்பு. அதற்கு உரிய விலை வாங்குபவரின் பொறுப்பு. இரண்டில் ஒன்று தவறினாலும் கருங்கண்ணி மீண்டும் கரிசலில் கால் ஊன்றாது.