சிடி மதிப்பு சொல்லாத தூரம்

கொரோனா காலத்தில் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, "சிடி 18 என்றால் ஆபத்தா?" என்று நம்மிடம் கேட்காதவர்கள் குறைவு. எண் குறைந்தால் வைரஸ் அதிகம், 3.3 குறைந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு. வைரஸ் சுமை கூடினால் ஆபத்து கூடும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் மாதிரி எடுத்த விதமும் நாளும் மாறினாலே எண்ணும் மாறிவிடும். அதை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாமென்று ஐ.சி.எம்.ஆர். 2020இலேயே சொல்லிவிட்டது.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த நம் மக்கள் லயன் வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்தவர்கள். அங்கே காய்ச்சல்காரரை எந்த அறையில் தனிமைப்படுத்துவது? மூச்சுத் திணறினால் காட்டுப்பாதையில் மணிமுத்தாறு இறங்கி, அம்பாசமுத்திரம் போகவேண்டும். அங்கும் முடியாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும் உடம்புக்கு அந்த நேரம்தான் எமன். அது எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை. மாஞ்சோலைக் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்த பிறகும் இந்தத் தூரம் குறையவில்லை, தோழர்களே.

மூச்சுத் திணறல் தொடங்கியதற்கும் முதல் ஆக்சிஜன் கிடைத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம்? ஒவ்வொரு மரணப் பதிவிலும் அரசு இதை எழுத வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கத் தொடங்குவோம்.