ஷெட்டுதானே!

ஒரே ஒரு வார்த்தை என் ஒன்றரை லட்சத்தைத் தின்னுடுச்சுங்க. ‘தானே’ங்கிற வார்த்தை.

1998-ல அப்பா புதுச்சேரி வில்லியனூர்ல வீடு கட்டினப்ப, முன்பக்கம் பத்துக்குப் பதினாறுல ஒரு கார் ஷெட்டும் போட்டார். கார் கிடையாது. வரும்னு ஒரு நம்பிக்கை. தரை ஈரம் சுவத்துல ஏறாம இருக்க, அஸ்திவாரத்து மேல டிபிசின்னு ஒரு கான்கிரீட் வரி போடுவாங்க இல்லையா? வீட்டுக்குப் போட்ட மேஸ்திரி ஷெட்டுக்குப் போடலை. கேட்டதுக்கு, “ஷெட்டுதானே!”

போதாக்குறைக்கு 2011 டிசம்பர் 30-ல ஒரு புயல் வந்து ஷெட்டு மேல இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எல்லாம் பிடுங்கிட்டுப் போச்சு. அந்தப் புயலுக்குப் பேர் என்ன? தானே! அப்பா பயந்துபோய் அதே சுவத்து மேல கான்கிரீட் தளம் போட்டார். அதான் ஸ்டிராங்கா ஆயிடுச்சேன்னு எல்லாரும் அதை மறந்துட்டோம்.

கார் வரவே இல்லை. வந்து சேர்ந்ததெல்லாம் ஓடாத டிவிஎஸ் 50, கால் உடைஞ்ச கட்டில், நாலு துருப்பிடிச்ச டிரம், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. ஃப்ரிட்ஜ் செத்து பத்து வருஷம் ஆச்சு. பெட்டியை எதுக்கு வெச்சிருக்கோம்? அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கும் மேல கொட்டுச்சே, மறக்க முடியுமா? இந்தப் பக்கம் சங்கராபரணி ஆறு, பாகூர் பக்கம் தென்பெண்ணை ஆறு, ரெண்டுலயும் வெள்ளம். எங்க ஷெட்டுல முழங்கால் தண்ணி, மூணு நாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “புயல்தானே, எல்லார் வீட்லயும்தான்.” பாருங்க, எனக்கும் அந்த வியாதி.

தண்ணியில கிடந்ததுல உருப்படியா மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. நம்ம ஊர் சுடுமண் குதிரை. புவிசார் குறியீடு சும்மாவா கொடுத்தாங்க? கழுவிக் காயவெச்சேன், புதுசு மாதிரி நின்னுச்சு.

இந்த நேரத்துலதான் சென்னைக் கம்பெனி, வாரத்துல நாலு நாள் வீட்லேருந்தே வேலை பாருன்னுச்சு. பெட்ரூம்ல மேஜை போட்டேன். வீடியோ மீட்டிங்ல மேனேஜர் வளர்ச்சி விகிதம் பத்திப் பேசறார், எனக்குப் பின்னாடி அம்மா முருங்கைக் கீரை உருவிக்கிட்டு, “டேய், அவர் சாப்பிட்டாராடா?”ங்கறாங்க. சரி, ஷெட்டை ஆபீஸ் ரூம் ஆக்கிடுவோம்னு முடிவு பண்ணினேன்.

முதல் மேஸ்திரி வந்தார். சுவரெல்லாம் உப்பு பூத்து, தொட்டா பொலபொலன்னு கொட்டுது. தட்டிப் பார்த்துட்டு, “ரெண்டு கோட் புட்டி அடிச்சா மறைஞ்சிடும் அண்ணே”ன்னார். மறைஞ்சிடுமாம். போயிடும்னு சொல்லலை, கவனிச்சீங்களா? நான் கவனிக்கலை.

பிப்ரவரியில புட்டி, பெயிண்ட், ‘ஐவரி’ கலர். மே மாசம் சுவர் பூரி மாதிரி உப்பிடுச்சு. செங்கல் கீழேருந்து தண்ணியை உறிஞ்சும். தண்ணி காயும், உப்பு மட்டும் சுவத்துல தங்கும், தங்கி மேல இருக்கிற பெயிண்ட்டைத் தள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்தது ரெண்டாவதா வந்த மேஸ்திரி. நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுக்கணும், செங்கல் காயணும், வாட்டர் புரூஃப் கலந்து பூசணும். அதோட விட்டாரா? டியூப்ல தண்ணி ஊத்தி, ஒரு முனையை ரோட்ல பிடிச்சு, இன்னொரு முனையை உள்ளே பிடிச்சு மட்டம் பார்த்தார். தலையைச் சொறிஞ்சார்.

“அண்ணே, உங்க ஷெட்டு இறங்கலை. ரோடு ஏறியிருக்கு. அஞ்சு அங்குலம் பள்ளத்துல இருக்கீங்க.”

யோசிச்சுப் பார்த்தேன். அப்பா கட்டினப்ப வீட்டுக்கு மூணு படி. இப்ப ஒண்ணு. மத்த ரெண்டும் எங்கே? தாருக்குள்ள! ஒவ்வொரு தடவையும் பழசு மேலயே புதுசு. புட்டி அடிச்ச மேஸ்திரிக்கும் ரோடு போட்டவங்களுக்கும் ஒரே குருநாதர் போல. 2021-ல தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு உத்தரவு போட்டார். அந்தத் தமிழ்நாடு எங்கே இருக்கு? கண்டமங்கலத்துல. பஸ் ஏறினா பத்து நிமிஷம். உத்தரவுக்கு பஸ் கிடைக்கலை. தேர் வந்தாலாவது ரோட்டைக் கவனிப்பாங்க, எங்க தெருவுல தேரும் வராது. எங்க ஊர் திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குத் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பார், அதெல்லாம் மாட வீதி. இது சந்துதானே.

யார்கிட்ட சொல்றது? வார்டு மெம்பர்கிட்டயா? நம்ம யூனியன் பிரதேசத்துல உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்துச்சு, அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல நடந்துச்சு. அதுல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சுது. அவ்வளவுதான் கதை. 2021-ல தேதி அறிவிச்சாங்க, அதுவும் நடக்கலை. என் பையனுக்கு வார்டு மெம்பர்னா என்னன்னே தெரியாது. எனக்கே அந்தக் கடைசி மெம்பர் முகம் மறந்துபோச்சு.

வேறென்ன செய்ய? ரோட்டை இறக்க முடியாது, தரையை ஏத்துனேன். ஒன்பது அங்குலம். ஆகஸ்ட்ல முப்பது மூட்டை சிமென்ட், கூடவே ஒரு டன் ஏசி. ரெண்டுக்கும் வரி 28 சதவீதம். செப்டம்பர் 22-லேருந்து ரெண்டுக்கும் 18 ஆக்கிட்டாங்க. பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சுட்டு என் வீட்டம்மா, “என்னங்க, ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே”ன்னாங்க. ஆமா, எனக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க பாருங்க!

எலக்ட்ரீஷியன் தம்பி ஏசிக்குத் தனி லைன் இழுக்காம, ஃபேன் லைன்லயே முறுக்கிவிட்டுட்டான். ஒயர் சூடாகி பிளாஸ்டிக் நாத்தம். கூப்பிட்டுக் கேட்டேன். என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கறீங்க? “ஒரு டன்னுதானே அண்ணா!”

இப்போ ஆபீஸ் ரூம் ரெடி. சுவர் சுத்தம். மேஜை மேல சுடுமண் குதிரை. கையைத் தூக்கிச் சோம்பல் மட்டும் முறிக்க முடியாது, ஃபேன் இடிக்கும். தளம் பழைய தளம், தரைதானே ஏறியிருக்கு.

போன வாரம் தெருமுனையில ரெண்டு பேர் டேப் பிடிச்சு அளந்து, வெள்ளை பெயிண்ட்ல கோடு போட்டுட்டுப் போனாங்க. புது ரோடு வருதாம். ஐயா, நீங்க யாரா வேணா இருங்க, பழசைச் சுரண்டிட்டுப் போடுங்க. இன்னொரு தடவை தரையை ஏத்த எனக்கு மேலே இடம் இல்லை.