புரட்டிப் பார்த்து வாங்குவோம்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுப்புடவை வாங்க வருவோருள் விவரம் அறிந்தவர்கள், முன்பக்கத்தின் பளபளப்பில் மயங்குவதில்லை. புடவையைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். கோர்வை முறையில் இழையோடு இழை கோத்து நெய்ததா, சரிகை எத்தகையது என்று விசாரிப்பார்கள். அடுத்த தலைமுறைக்கும் நிற்க வேண்டிய பொருள் என்பதால்தான் இந்த நிதானம்.

அதே ஊரில் வாழும் நாம், அதற்கு நிகரான தொகை கொடுத்து மடிக்கணினி வாங்கும்போது மட்டும் இந்த நிதானத்தை இழந்துவிடுகிறோம். எடை குறைவா, நிறம் அழகா, தள்ளுபடி எவ்வளவு என்பதோடு நம் கேள்விகள் முடிந்துவிடுகின்றன.

எங்கள் தெருவில் ஒரு சகோதரர், மகளின் கல்லூரிப் படிப்புக்காக மெல்லிய மடிக்கணினி ஒன்றைத் தவணையில் வாங்கினார். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இரண்டாம் ஆண்டிலேயே அது திணறத் தொடங்கியது. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்து, "ரேம், சேமிப்பு இரண்டும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன, எதையும் கூட்ட முடியாது" என்று கைவிரித்தார். கணினி முடங்கிவிட்டது, தவணை முடியவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை உறவினர் ஒருவரின் வீட்டில் கண்டேன். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினி அது. தடித்தது, அழகற்றது. ஆயினும் ரேமைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் நிறுவியிருக்கிறார்கள். பிள்ளைகளின் குர்ஆன் வகுப்புக்கும் பள்ளிப் பாடங்களுக்கும் இன்றும் அது பயன்படுகிறது. ஆகவே, நீண்ட ஆயுளைத் தருவது மெல்லிய உடலன்று. திறந்து பழுதுபார்க்க இயலும் அமைப்பே.

எனவே கடைக்காரரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். ரேமை மாற்ற இயலுமா? மாற்ற இயலாதெனில் 16 ஜிபியாகவே வாங்குவது நலம். சேமிப்பு, கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி.யா? பேட்டரியும் விசைப்பலகையும் பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா? பழுதுபார்க்கும் மையம் எங்கே உள்ளது?

மென்பொருளின் ஆயுளையும் கணக்கிட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 வசதியும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. பழைய கணினியை மலிவாக வாங்குவோர் இதை மறக்கலாகாது.

"இவ்வளவும் பார்த்தால் விலை கூடுமே, குறைந்த வருவாய்க் குடும்பம் என்ன செய்யும்?" என்ற கேள்வி நியாயமானது. அலுவலகங்களில் பயன்பட்டு, சீர்செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் அதற்கு நல்ல விடை. சென்னை ரிச்சி தெருவில் இவை கிடைக்கின்றன. எழுத்துபூர்வமான உத்தரவாதம் பெற்று, பேட்டரியின் நிலையையும் சோதித்து வாங்கினால், மலிவான புதிய கணினியைவிட இவை உறுதியாக உழைக்கும்.

மற்றொன்று, வட்டி. "வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரம் நம்மில் பலரை ஈர்க்கிறது. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்றும், செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைக்கப்படுகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். ஐயம் இருப்பின் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். நம் ஜமாஅத்களின் பைத்துல்மால்கள், திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவுவது போலவே, மாணவர்களின் கணினிக்கும் அழகிய கடன் வழங்க முன்வர வேண்டும்.

வாங்கியபின் பேணுவதும் நம் பொறுப்பே. மெத்தைமேல் வைத்துக் காற்றுவழியை அடைக்காதீர்கள். எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்போர், வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை உள்ளிருக்கும் தூசியை நீக்கச் செய்யுங்கள்.

தேவைக்குச் செலவிடுவது குறையன்று. ஆராயாமல் வாங்கி, சில ஆண்டுகளில் குப்பையில் எறிவதுதான் வீண்விரயம். அந்தக் குப்பையிலுள்ள ஈயமும் பிற நச்சுப்பொருள்களும் மண்ணையும் நீரையும் கெடுக்கும்போது, அது அண்டை வீட்டாரின் உரிமையையும் பாதிக்கிறது. செல்வம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது குறித்துக் கேள்வி உண்டு என்று நம்பும் நாம், பட்டைப் புரட்டிப் பார்க்கும் அதே கண்ணோடு கணினியையும் புரட்டிப் பார்ப்போம்.

நம் பொருளாதாரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.